பதினொன்றேகால் மணி

மினிபஸ்ஸை விட்டு இறங்கியதும்
கைப்பேசிக்கு மட்டும் மாநிலம் மாறிவிட்டது.
ஆந்திரா வரவேற்கிறது என்று தெலுங்கில் ஒரு செய்தி.
நான் இன்னும் பள்ளிப்பட்டு பக்கத்துப் புளியமரத்தடியில்தான் நிற்கிறேன்.
டவர் அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம்.
நடுவில் கொசஸ்தலை, மணலாக.

வேலை சின்னதுதான்.
'செவி' என்ற செயலியால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா?
ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும்.
நாளுக்கு அறுநூற்றைம்பது, பஸ் காசுக்கு ரசீது வேண்டும்.

பிள்ளை வாசிக்க வாசிக்கச் செவி கேட்கும்,
சொற்கள் பச்சையாகும், இல்லையென்றால் சிவப்பாகும்.
ஜூலையில் நான்காம் வகுப்பின் சராசரி முப்பத்தொன்று.
ஜனவரியில் எண்பத்தெட்டு.
எப்படி என்று பார்த்துவரத்தான் என்னை அனுப்பினார்கள்,
மற்ற ஊர்களுக்கு எடுத்துச் சொல்ல.

பிரமிளா டீச்சர் பீரோவைத் திறந்தார்:
பத்து டேப்லட், மூன்றுக்கு உயிர்.
"ஒண்ணுல வாசிப்பு, ஒண்ணுல கணக்கு.
ஒண்ணு எனக்கு. அட்டெண்டன்ஸ், முட்டைக் கணக்கு,
இப்ப நீங்க வந்ததுக்கு ஒரு போட்டோ."

பக்கத்துத் தெருவில் விசைத்தறி
டடக் டடக் டடக்.
முதல் பையன் வாசித்தான். தெளிவாகப் பேசவும் என்றது.
கத்தினான். நிதானமாகப் பேசவும் என்றது.
தறிக்கு மேலே பேசிப் பழகிய வீட்டில்
கத்துவதுதான் நிதானம்.
மழை என்று இருந்ததை மளை என்றான். சிவப்பு.
அவன் அம்மா அதை வான என்பாள்.
அதற்கு நிறமே இல்லை.

அப்படியானால் எண்பத்தெட்டு?

படிக்கட்டில் உட்கார்ந்து, ஹெட்செட் மாட்டி,
பழைய பதிவுகளைக் கேட்டேன்.
ஹேமாத்ரி, வயது ஒன்பது: ஒரு சிறுமியின் குரல்.
நாகபூஷணம்: அதே குரல், கொஞ்சம் தடித்து.
தேஜாவதி: அதே குரல், மூக்கடைப்போடு.
வகுப்பில் இருபத்திரண்டு பேர்.
பத்தொன்பது பேருக்கு ஒரே தொண்டை.

முனிலட்சுமி மறைக்கவில்லை.
"நியூஸ் வாசிக்கிற அக்கா மாதிரி வாசிச்சா
அதுக்குப் புரியும் மேடம்.
ழ வந்தா நாக்கைச் சுருட்டி ஒரு நொடி நிக்கணும்.
பதினொண்ணேகாலுக்கு கரண்ட் போகும், தறி நிக்கும்,
டேப்லட்ல சார்ஜ் இருக்கும். அப்பதான் வாசிக்கணும்."
கூலி? ஆளுக்கு ரெண்டு புளியங்காய்.
ஹேமாத்ரியிடம் வாங்குவதில்லை,
அவன் இவளுக்குக் கணக்கு போடுகிறான்.

மூலையில் இருந்தான் ஹேமாத்ரி.
பின்னங்களைத் தெலுங்கில் முணுமுணுத்து
விடையைத் தமிழில் தொட்டுக்கொண்டிருந்தான்.
தப்பானால் அது திட்டுவதில்லை, இன்னொன்று கொடுக்கிறது.
அரைமணியில் நாற்பத்தொரு கணக்கு.
இதில் பொய்யில்லை, பக்கத்தில் நின்று எண்ணினேன்.

ஐந்து போட்டால் இவனுக்குச் சரி.
ஒன்று போட்டால் கடன் குரலில் இருக்கும் பதினெட்டுப் பேருக்குச் சரி.
அந்தப் பதினெட்டில் இவனும் உண்டு.
முனிலட்சுமிக்கு என்ன போடுவது?
ஒரே பத்தியைப் பத்தொன்பது பேராக வாசித்தவள்
இப்போது கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறாள்:
என் அடையாள அட்டை, தண்ணீர் பாட்டிலின் பின்பக்கம்,
படிவத்தின் அடியில் பொடியாக இருந்ததையும்:
"இத்தரவு குழந்தைகளின் முன்னேற்றத்துக்கு மட்டுமே..."
அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.
டீச்சர் ஜன்னலுக்கு அப்பால்
முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
முதலிலிருந்து மறுபடியும்.

'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில்
எழுதி, அழித்து, கடைசியில் இதை விட்டுவைத்தேன்:
பதினொன்றேகால் மின்வெட்டை
தயவுசெய்து சரிசெய்ய வேண்டாம்.

அனுப்ப சிக்னல் போதவில்லை.
ஆற்றின் நடு மணலுக்கு அவளே கூட்டிப்போனாள்.
அங்கே நாலு கோடும் வந்தது,
படிவம் தெலுங்குக்கு மாறிக்கொண்டது.
அவளுக்குப் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது.
எனக்கு இரண்டும் தெரியாது.
எது அனுப்பு, எது அழி?
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"இது பச்சையா இருக்கு மேடம்,
அமுக்குங்க."